படத்தைப் பார்க்க முடியாதவர் வீட்டிலும் கதவு இறுகுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் வீட்டுப் பராமரிப்புப் பகுதியை விடாமல் கேட்டுவருகிறேன். எனக்குப் பார்வை கிடையாது. கைப்பேசி வாசித்துச் சொல்கிறது. மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் கதவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். "படத்தில் அம்புக்குறி இட்ட இடத்தை இழைக்கவும்" என்ற வரி வந்ததும் எனக்குக் கட்டுரை முடிந்துபோயிற்று. எந்த இடம்? மேலா, கீழா, கீல் பக்கமா, பூட்டுப் பக்கமா? கைப்பேசி "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிட்டது.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை எப்படி எழுதியிருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் தச்சர் வீட்டுப் பெண். என் தாத்தா இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மா தேக்குக்கு உளி பிடித்தவர். அவருடைய இழைப்புளியும் கொட்டாப்புளியும் மூலைமட்டமும் இன்று என் கையில்தான் இருக்கின்றன.

கதவு இறுகினால் எல்லோரும் முதலில் இழைப்புளியைத் தேடுகிறார்கள். அது கடைசி வேலை. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் குற்றம் மரத்தில் இல்லை, கீலில் இருக்கிறது. மேல் கீலின் திருகு தளர்ந்தால் கதவு தொங்கி, பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையில் உரசும், கீழ்மூலை தரையில் இழுக்கும். திருகைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் மூங்கில் சிம்புகளை ஃபெவிகாலில் தோய்த்து இறுகத் திணியுங்கள். ஓர் இரவு காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிட்டுத் திருகை மறுபடி முடுக்கினால் பாதி வீடுகளில் வேலை அதோடு தீர்ந்துவிடும்.

கீலில் ஆட்டம் இல்லையென்றால்தான் காகிதம் வேண்டும். செய்தித்தாள் ஒன்றை இரண்டாக மடித்து, கதவைச் சாத்தி, நிலைக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். தாள் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மீண்டும் எங்கே நகர்கிறதோ அங்கே இன்னொரு துண்டு. இரண்டு டேப்புக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் அம்புக்குறி. (படிக்க முடியாதவள் எதற்குத் தாள் வாங்குகிறாள் என்று பேப்பர் போடும் பையன் கேட்டான். இதற்குத்தான்.) மரம் ஈரம் குடித்தால் அகலத்தில்தான் ஊதும், நீளவாக்கில் ஏறக்குறைய ஊதுவதே இல்லை. ஆகவே பக்க விளிம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உள்ளங்கையை விளிம்பில் ஓடவிட்டால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் லேசாகக் கீறும். வழுக்கும் திசையில் இழையுங்கள். தாள் உரசிக்கொண்டு நகரத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஐப்பசியில் தாராளமாக இழைத்தவர் வீட்டில் சித்திரை வெயிலுக்கு மரம் சுருங்கி, அந்த இடுக்கு வழியாகப் பல்லி போய்வரும்.

இப்படி எழுதினால் பார்வை உள்ளவர்களுக்கு ஏதேனும் நஷ்டமா? அம்புக்குறி போட்ட கதவு உங்கள் ஓவியர் வரைந்த கதவு. ஒவ்வொருவர் வீட்டுக் கதவும் வெவ்வேறு இடத்தில் இறுகும். தொட்டுக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிவிட்டால் எல்லாக் கதவுக்கும் அது பொருந்தும்.

எங்களுக்குள் இந்த மாதிரி விஷயங்களைப் பேசிக்கொள்ளச் சிலர் இருக்கிறோம். தேவகோட்டையில் ஒருவர், திருப்பத்தூர்ப் பக்கம் ஒருவர், காரைக்குடியில் என்னோடு தொலைபேசி ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அக்காள். எல்லோரும் பார்வையற்றவர்கள், எல்லோருக்கும் திருப்புளி பிடிக்கும் கை. ஒருவர் வீட்டில் ஏதாவது பழுது என்றால் மற்றவர்களுக்குத் தொலைபேசி அடித்துவிடும். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையென்றால் தேவகோட்டைக்காரர் போனை மோட்டார் பக்கத்தில் வைக்கச் சொல்வார். சுவிட்சைப் போட்டதும் உறுமல் மட்டும் கேட்டு மோட்டார் சுழலாவிட்டால், "உடனே நிறுத்துங்கள், சுருள் வெந்துவிடும்" என்பார். மோட்டாரைச் சுழலக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது உள்ளே எதுவோ இறுகியிருக்கும். நன்றாகச் சுழன்றும் தண்ணீர் ஏறாமல், சத்தம் வழக்கத்தைவிட லேசாக இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, குழாயின் கீழ்முனையில் இருக்கும் அடி வால்வு தண்ணீரைக் கீழே இறங்காமல் நிறுத்தவில்லை என்று அர்த்தம். இதைத் தங்கள் பகுதியில் ஒருமுறை எழுதியபோது மோட்டாரின் வண்ணப் படம்தான் பெரிதாக இருந்தது என்று என் தம்பி சொன்னான். மோட்டார் எப்படிச் சத்தம் போடும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

அளவெடுப்பது எப்படி என்று சிலர் கேட்பார்கள். அளவு டேப்பில் அச்சடித்த எண் எங்களுக்கு உதவாது. பலகை அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சியை வைத்து, நகத்தால் இடம் பிடித்து, கத்தியால் அங்கே ஒரு வெட்டுப் போடுவேன். அந்தக் குச்சியைப் பலகைமேல் வைத்தால் அளவு வந்துவிடும். சென்டிமீட்டர் எவ்வளவு என்று எனக்கு ஏன் தெரிய வேண்டும்? மூலைமட்டத்தை ஒட்டிக் கத்தி முனையால் கீறிய கோடு பென்சில் கோட்டைவிட மெல்லியது, விரல் நகம் அதில் விழும், வாளும் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க முடியாது. பலகையின் மேல் ஒரு கோலிக்குண்டை விட்டால் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் ஓடும். சுவரில் துளையிடும்போது பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டுவேன். வளையம் சுவரைத் தொட்டதும் போதும். எங்கள் ஊர்ப் பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சுத்தியல் முறையில் டிரில்லைப் போட்டால் பூச்சு பெயர்ந்து கையோடு வரும். முதலில் வெறுமனே சுழலவிட்டு, செங்கல்லைத் தொட்ட சத்தம் மாறிய பிறகே சுத்தியல் முறைக்கு மாற வேண்டும்.

மின்சார வேலைக்குத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் கோபமும் அதில்தான் அதிகம். நம் கடைகளில் பத்துக்கு ஒன்பது டெஸ்டர் பிடிக்குள் சின்ன விளக்கு எரிகிற வகை. அது எரிகிறதா என்று நான் யாரைக் கேட்பேன்? ஒயருக்கு அருகே கொண்டுபோனால் ஒலி எழுப்பும் டெஸ்டர் இருக்கிறது. காரைக்குடியில் ஒரு கடையில் அதைக் கேட்டபோது, "வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையாம்மா?" என்றார் கடைக்காரர். இருக்கிறான், என் தம்பி. பல்பு மாற்றுவதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவான்.

அந்த டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது (நான் சொல்வதால் சிரிக்கலாம்). பேட்டரி தீர்ந்தாலும் அது பேசாது. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்து ஒலிக்கிறதா என்று கேட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி பழைய இடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். எந்த பிரேக்கரை இறக்கினால் எந்த அறை என்பதற்கு நாங்கள் ரேடியோவை நம்புகிறோம். பழுது பார்க்கப்போகும் பிளக்கில் ரேடியோவைச் செருகிச் சத்தமாக வைத்துவிட்டுப் போய் ஒவ்வொன்றாக இறக்கினால், பாட்டு நிற்கும் இடம்தான் அது. ஆனால் வேறோர் அறையில் மின்விசிறி ஓடுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்தடையில் நின்ற ரேடியோவை நம்பிக் கை வைத்தால், மின்சாரம் திரும்பி வரும், நாம் திரும்பி வரமாட்டோம். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதையும் நிறுத்த வேண்டும். ஒயரின் நிறம் எங்களுக்குத் தெரியாததால் ஃபேஸுக்கு ஒரு சுற்று டேப், நியூட்ரலுக்குத் தள்ளித் தள்ளி இரண்டு என்று தடவித் தெரியும்படி அடையாளம் இடுகிறோம். பிளக்கைச் சுவரில் செருகும் நிலையில் பிடித்தால் மேலே இருக்கும் தடித்த பின் எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மீட்டருக்கு அப்பால் இருப்பது மின்வாரியத்தின் வேலை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

பார்வையற்றவர்களுக்குக் கூர்மையான கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் சிறு வயதில் லூயி பிரெயில் கதையைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள்: மூன்று வயதில், 1812 இல், சேணம் தைக்கும் அப்பாவின் பட்டறையில் குத்தூசியோடு விளையாடிக் கண் போனது என்று. அவர் வளர்ந்து எங்களுக்காக வகுத்த, தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை எழுதவும் கையில் ஒரு கூர்முனைதான் வேண்டியிருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. பிரம்பு நாற்காலி பின்னலாம், மெழுகுவத்தி வார்க்கலாம், அதற்குமேல் வேண்டாம் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த தொழிலின் எல்லை.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42 ஆம் பிரிவில், அச்சு ஊடகத்தில் வருவதும் எல்லோரும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அன்றாடப் பயன்பாட்டு மின்னணுப் பொருள்களின் வடிவமைப்பையும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. சட்டத்தைக் காட்டித் தங்களை நெருக்குவது என் நோக்கம் அல்ல. என் கோரிக்கை மிகச் சிறியது. "படத்தில் காட்டியபடி" என்று எழுதத் தோன்றும் இடத்தில், படத்தில் இருப்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்: எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம், சரியாக வந்தால் கைக்கு எப்படித் தெரியும், என்ன சத்தம் கேட்கும். படத்தையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்து ஒழுகும் குழாயைப் பற்றி எழுதவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். டெஃப்லான் டேப்பைக் குழாயின் மரையில் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்லால் எழுதிவிடுங்கள். மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்து வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.