குளிர்சாதனப் பெட்டி வாங்காதே, மச்சான்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் பக்கம் வழமைபோல மழை, வீதியில் வெள்ளம்.

ஹற்றனில் உங்கள் இரத்ததானச் சங்கம் இரத்த வங்கி தொடங்கக் குளிர்சாதனப் பெட்டி வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். அந்த எண்ணத்தை விடு. செங்குழியங்களை 2 முதல் 6 பாகை செல்சியசில் இடைவிடாமல் வைக்க வேண்டும். உறைந்தால் உடைந்துபோகும், சூடேறினால் கிருமி பெருகும். இரத்தம் கட்டிப்பட உதவும் சிறுதட்டுகளை 20 முதல் 24 பாகையில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான். ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனை வேறு. அதெல்லாம் நாரஹேன்பிட்ட தேசிய இரத்த நிலையமும் ஆஸ்பத்திரி இரத்த வங்கிகளும் பார்க்கிற வேலை. சங்கம் பார்க்க வேண்டியது ஆட்களை.

வெசாக், பொயா (பௌர்ணமி) நாட்களில் இரத்ததான முகாமுக்குக் குறைவில்லை. ஆனால் சாதாரணப் பையில் இரத்தம் 35 நாள்தான் இருக்கும். தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பிள்ளைகளுக்கோ மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரம், வருடம் முழுக்க இரத்தம் வேண்டும். ஆகவே ஒரே நாளில் 200 பேரைச் சேர்த்துப் படம் எடுப்பதைவிட மாதம் 40 பேரைச் சேர்ப்பதே மேல். ஒருவர் கொடுத்தால் அடுத்த முறைக்கு 4 மாதம் பொறுக்க வேண்டும் என்பதால் 40 பேர் வீதம் நான்கு குழு, மொத்தம் 160. அழைத்தவர்களில் பாதிப்பேர்தான் வருவார்கள் என்று வைத்து 320 பெயர் சேர்த்துக்கொள். வருடத் திகதிகளை முன்கூட்டியே இரத்த வங்கியோடு பேசி முடித்துவிடு.

மண்டபம் கீழ்த்தளமாக இருக்கட்டும். மயக்கம் கட்டிலில் மட்டும் வருவதில்லை. எழுந்து நடக்கும்போதும், படியிறங்கும்போதும் வரும். முதன்முறை கொடுப்பவர்கள், இளவயதினர், நித்திரை குறைந்தவர்கள், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கவனம். கோயில் மண்டபம் நல்லதுதான், ஆனால் விரத நாளில் மட்டும் வைக்காதே. கொடுத்தபின் கால் மணி நேரம் பிஸ்கட்டும் குளிர்பானமும் கொடுத்து உட்காரவை. மருத்துவர் கேள்வி கேட்கும் மேசை ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுமென்றால் உண்மை வராது. குடை, சேட் என்று பரிசு கொடுப்பதையும் நான் ஏற்கமாட்டேன். பரிசுக்காக வருபவர் தகவலை மறைப்பார். தொற்றின் ஆரம்ப நாட்களில் பரிசோதனையிலும் அது பிடிபடாது.

இனிப் பதிவேடு. பெரும்பாலான சங்கங்கள் சாவது இங்கேதான்: பெயர்கள் எல்லாம் தலைவரின் போனில் இருக்கும், அவர் கனடா போனதும் சங்கமும் போய்விடும். ஆகவே ஒரு கொப்பி, ஒரு கணினிப் பிரதி, இரண்டு பேர் பொறுப்பு. பெயர், தொலைபேசி, இரத்த வங்கி உறுதிசெய்த இரத்த வகை (ஆள் சொல்லும் வகையை நம்பாதே), கடைசியாகக் கொடுத்த திகதி. திருப்பி அனுப்பப்பட்டவர் திரும்ப வரக்கூடிய திகதியையும் குறி. ஹீமோகுளோபின் குறைவென்றோ, மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்தார் என்றோ நிறுத்தப்பட்டவரை யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை. அப்படித்தான் நல்ல கொடையாளர்கள் கைவிட்டுப் போகிறார்கள். பரிசோதனை முடிவை மட்டும் சங்கம் கேட்கவே கூடாது.

ஆர்எச் நெகட்டிவ் இரத்த வகை உள்ள ஆட்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அவர்களை முகாமுக்கு இழுக்காமல் தனிப் பட்டியலில் வைத்து, வங்கி கேட்கும்போது அனுப்பு. திகதியும் ஆஸ்பத்திரிப் பெயரும் இல்லாத வட்ஸ்அப் வேண்டுகோள்களை உங்கள் குழுவில் போட விடாதே. நோயாளி வீடு போய் ஆறு மாதமானபிறகும் அவை சுற்றிக்கொண்டிருக்கும்.

காசு அதிகம் தேவையில்லை, சிற்றுண்டிக்கும் சுவரொட்டிக்கும்தான். இரண்டு கையெழுத்தோடு கணக்குத் திற. செயலாளர் பதவி வருடா வருடம் மாறட்டும். மாறுமுன் புதியவர் ஒரு முகாமாவது பழையவரோடு நின்று பார்க்கட்டும்.

மண்டபத்தின் நீள அகலம், மின்விசிறி எத்தனை, வாகனம் வாசல்வரை வருமா என்று எழுது. கட்டில் எத்தனை போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்