அறை மாற்றம் கேட்ட மகனுக்கு

தங்கச்சிமடம்

அன்பு மகனுக்கு,

பணம் வந்து சேர்ந்தது. சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணத்தில் பாதியை அடைத்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தை அக்கம்பக்கத்துக்குத் தானம் செய்தே தீர்த்துவிட்டாள்.

மற்ற விஷயத்தைப் போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கத்தாரில் உன் அறைக்கு வந்த, தென்னிலங்கை மாத்தறைப் பையன் சிங்களவன் என்று தெரிந்ததும், வேறு அறை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாய். 'நம் ஆட்களைக் கொன்ற கூட்டம்' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவனுக்கு இருபத்தைந்து வயது என்றும் நீயேதான் சொன்னாய்.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. மன்னிக்க நாம் யார்? அடிபட்டவர்கள் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. நீ ஞாபகம் வைத்திருப்பது போதாது என்பதுதான் என் குறை.

1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, நம்முடையது அல்ல) புலிகள் தாக்கி 13 சிப்பாய்கள் செத்தார்கள். மறுநாள் இரவு கொழும்பு பற்றி எரிந்தது. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழ் வீடு என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். தெருவில் திரிகிறவன் கைக்கு அந்தப் பட்டியல் எப்படி வரும்? 25ஆம் தேதியும் 27ஆம் தேதியும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கத்தின் பூட்டுக்குள் இருந்தவர்கள். கதவைத் திறந்துவிட்டது யார்? ஜனாதிபதி ஜெயவர்த்தனா 28ஆம் தேதிதான் தொலைக்காட்சியில் பேசினார். செத்துப்போன தமிழர்களுக்காக ஒரு வார்த்தை இரங்கவில்லை. வெலிக்கடைக்காக இன்றுவரை ஒருவனும் தண்டனை பெறவில்லை.

'சிங்களவர்கள் செய்தார்கள்' என்று நீ சொல்லும்போது நிம்மதியாக மூச்சு விடுகிறவன், பட்டியலை எடுத்துக் கொடுத்தவன்தான். ஒன்றரைக் கோடிப் பேருக்கு நடுவில் போய் நின்றுகொள்கிறான். அவனை அங்கே யார் தேடுவது?

அந்த நாட்களில் அகதிகளை நள்ளிரவில் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் தீடைகளில் இறக்கிவிட்டு, வந்த படகு திரும்பிவிடும். விடிந்ததும் நம் வள்ளங்கள் போய் ஏற்றிவரும். எங்கள் வள்ளத்தில் வந்த கொழும்பு வெள்ளவத்தை அம்மா ஒருவர், தன் வீட்டை எரித்தவர்களைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தன்னை ஒளித்து வைத்த சிங்களக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்கள் முதல் பாதியை மட்டும்தான் கரையில் வந்து எல்லோருக்கும் சொன்னோம். கேட்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பிறப்பிலேயே குற்றம் ஒட்டிக்கொள்ளும் என்றால் நம்முடைய கணக்கையும் எடு. 1990 அக்டோபரில் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, 70,000க்கும் மேற்பட்டவர்களை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த கெடு 2 மணி நேரம். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார்க்காரர்கள் படகேறிப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 30 கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கும் தமிழ்தான் தாய்மொழி. நம் கரையில் அன்று யாரும் அவர்களுக்காகக் கொடி பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. புத்தளத்தில் வளர்ந்த ஒரு பையன், நீ தமிழன் என்பதற்காக உன் அறையை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன சொல்வாய்? 'நான் ராமநாதபுரத்துக்காரன், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்பாய். சரியாகத்தான் சொல்வாய்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 2017 மார்ச்சில் நம் ஊர்ப் பையன் கச்சத்தீவுப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டான். நாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. உடலை வாங்க மறுத்துப் பல நாள் பந்தலில் உட்கார்ந்திருந்தோம், உனக்கும் தெரியும். அன்று ரோந்தில் இருந்த படகு எது, யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். 'சிங்களவன் ஒழிக' என்று கத்தியவர்கள்தான் அதிகம். கத்தல் நின்றதோடு விசாரணைப் பேச்சும் நின்றுபோனது. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அதே கடற்படை கட்டிய அந்தோணியார் புதுக்கோயில் கச்சத்தீவில் திறக்கப்பட்டது. திருவிழாவுக்குப் போனால் அங்கேதான் முழந்தாள் இடுகிறேன். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

அக்கரையில் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் நம்மைப் பற்றிப் பேசுவதையும் கேட்டுப் பார். இழுவை மடி போட்டுக் கடலின் அடியை வழித்துக்கொண்டு போகிற கூட்டமாம் நாம். அந்தப் பேச்சில் விசைப்படகுக்கும் என் நாட்டுப்படகுக்கும் வித்தியாசம் கிடையாது. எனக்குக் கோபம் வருகிறது. மாத்தறைக்காரனுக்கு வராதா?

அதற்காக அவனிடம் வானிலையை மட்டும் பேசிக்கொண்டு இரு என்று அர்த்தமில்லை. சந்திரிகா 2004 ஜூலையில் 1983க்காக மன்னிப்புக் கேட்டார். ஒரு ஜனாதிபதியின் வாயிலிருந்து அது வருவதற்கே 21 வருடம் ஆனது. அவன் பள்ளிப் புத்தகத்தில் 1983 இருந்ததா என்று கேள். 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததாக அவன் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேள். தெரியாது என்றால் நீ சொல்லு, பட்டியலும் வெலிக்கடையும் சேர்த்து. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அடித்துச் சொன்னால் தாராளமாகச் சண்டை போடு. அது அவனே செய்கிற தப்பு, அதற்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். முஸ்லிம்களை நீங்கள் துரத்தவில்லையா என்று அவன் திருப்பிக் கேட்டால், துரத்தியது உண்மை என்று சொல். மழுப்பாதே.

அறை மாற்றத்துக்கு இன்னும் உத்தரவு வரவில்லை என்றால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். மாற்றிவிட்டார்கள் என்றாலும் ஒரு வெள்ளிக்கிழமை போய் அவனோடு உட்கார். என்ன சொன்னான் என்று எனக்கு எழுது. அம்மாவிடம் போனில் சொல்லி அனுப்பாதே, அவள் பாதியைத்தான் என்னிடம் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா