நாலு மணி வண்டிச் சத்தம்

செல்லூர், மதுரை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று படித்ததும் அடுப்படிக்குப் போய் உன் அக்காவிடம் சொன்னேன். மீனாட்சிக்கு ஒரு விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தாளாம், எனக்கே அப்போதுதான் தெரியும்.

மீதி நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். மேல்வீட்டுத் துணி உன் வாசலில் சொட்டுவது, கண்டக்டர் ரெண்டு ரூபாய் சில்லறை தராமல் போனது, பேரன் சாப்பிடும்போதும் செல்போனைக் கீழே வைக்காதது, மருந்துக்கடையில் ஒருத்தன் உன்னைத் தாண்டிக் கையை நீட்டியது. "எதைப் பார்த்தாலும் சுள்ளுன்னு ஏறுது, ராத்திரி படுத்தா அதே ஓடுது" என்று எழுதியிருந்தாய். இதை நீ வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாய். எனக்கும் அப்படி ஒரு காலம் ஓடியது. அதை நான் உனக்குச் சொன்னதில்லை.

எதிர்வீட்டுக்குக் குடிவந்த பையன் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு லோடு. விடியக்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பி, அது சூடாகிறவரை பத்து நிமிஷம் உறும விடுவான். திரும்பி வந்தால் எங்கள் கேட்டை ஒட்டியே நிறுத்துவான். பால்காரர் சைக்கிளைச் சாய்த்து நுழைய வேண்டும். உன் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு, அந்தச் சந்தில் ஒருக்களித்து நடக்க அவள் படும் பாட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். சொன்னால் "சரிங்கய்யா" என்பான். மறுநாளும் அங்கேதான் நிற்கும். கீழமாசி வீதி மளிகை மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் பேரேடு எழுதியவன் நான். பற்று விழுந்தால் எழுதாமல் இருக்கத் தெரியாது. அவன் பேருக்கும் மனசில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி வாரியாக எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று வருஷம்.

2024 அக்டோபர் 25 உனக்கு ஞாபகம் இருக்கும், அன்று ராத்திரி நீ போன் போட்டு என்னைப் பிடிக்க முடியாமல் தவித்தாய். மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்த மழை. முதல் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர், அன்றைக்கு மொத்தம் 9.8 என்று பிறகு சொன்னார்கள். செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போகிற பந்தல்குடி வாய்க்கால் எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரம். வாசற்படி, அப்புறம் கூடம், அப்புறம் கட்டில் கால். கருப்புத் தண்ணீர். பழைய கணக்கு நோட்டு, ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கிற டிரங்குப் பெட்டியை எங்கே தூக்கி வைப்பது என்று நான் நடுவீட்டில் நிற்கிறேன். உன் அக்கா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள்.

அவன்தான் வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் கேட்டைத் தள்ளிக்கொண்டு. வந்ததும் முதல் வார்த்தை, "இம்புட்டுத் தண்ணி வர்ற வரைக்கும் என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? அறிவு வேணாமா?" என் வயசுக்கு அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே திரும்பிக் குனிந்து, "ஆத்தா, கழுத்தைப் பிடிச்சுக்க" என்று உன் அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டான். ஆபரேஷன் ஆன காலை மடக்கக் கூடாது என்று யார் சொன்னார்களோ, அந்தக் காலை மட்டும் நீட்டினாற்போலத் தன் கையில் தாங்கிக்கொண்டு போனான். அதை நான் பின்னால் நடந்தபடி பார்த்தேன் மாப்ளே. நாங்கள் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் தினமும் வண்டி ஓரமாக நடப்பதைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்திருக்கிறான்.

அவன் வீட்டு மாடி ஒற்றை அறை. அன்றிரவு அதில் பதினோரு பேர். கரண்ட் இல்லை. அவன் சம்சாரம் உன் அக்காவின் நனைந்த சேலையை வாங்கிப் பிழிந்து போட்டுவிட்டுத் தன் நைட்டியைக் கொடுத்தாள். ஆயுசில் நைட்டி உடுத்தாதவள் வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுக்கொண்டாள். கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் ஒரு சாக்கு மல்லிகை மொட்டு அங்கே கிடந்தது. இருட்டினால் விரிந்துவிடும், விரிந்தால் காசு கிடையாது. பொம்பளைகள் எல்லாரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்கள். கீழே சாக்கடைத் தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம், நாற்றம். மேலே மல்லிகை வாசம். நானும் நாரைக் கிழித்துக் கொடுத்தேன். ஒருத்தரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. யார் கட்டு நெருக்கமாக இருக்கிறது என்றுதான் பேச்சு.

தண்ணீர் வடிந்து, சேற்றை அள்ளி, தீபாவளியும் வந்து போனது. அவன் மறுபடியும் நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பினான். மறுபடியும் கேட்டை ஒட்டியே நிறுத்தினான். இதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். வெள்ளம் வந்ததால் அவன் வேறு ஆளாகிவிடவில்லை. வெள்ளத்துக்கு முன்னாலும் அவன் அதே ஆள்தான், என் பேரேட்டில் அந்தப் பக்கம் மட்டும் ஏறாமல் இருந்திருக்கிறது.

போன வாரம் புட்டுத் திருவிழாவுக்கு உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குப் போனேன். சின்ன வயசில் உன் அம்மா நம் இரண்டு பேர் கையையும் பிடித்துக் கூட்டிப்போவாரே, அதே இடம். சுவாமி மண் சுமக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இத்தனை வருஷம் தோன்றாதது ஒன்று தோன்றியது. வைகை கரை உடைந்து, வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. ஆள் இல்லாத வந்திக் கிழவிக்கு உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஒருத்தன் வந்தான். வந்தவன் ஒழுங்காக வேலை பார்த்தானா? பாடினான், ஆடினான், மர நிழலில் படுத்துத் தூங்கினான். மற்றவர்கள் பங்கெல்லாம் அடைபட்டது, கிழவியின் பங்கு மட்டும் அப்படியே கிடந்தது. அன்றைக்குக் கரையில் நின்ற எல்லாருக்கும் அவன் எரிச்சலாகத்தான் இருந்திருப்பான். ராஜா பிரம்பால் அடித்தார். அந்த அடி அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது, ராஜா முதுகில் உட்பட. கிழவிக்கு ஆளாக வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

உங்கள் பக்கம் நடந்ததும் அப்போது ஞாபகம் வந்தது. 2023 டிசம்பர் 17 ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றுபோனதே. எண்ணூறு பேருக்குக் கிட்ட. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு ஏறியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். தங்களைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும்போது.

எல்லாவற்றையும் விட்டுவிடு என்று நான் சொல்வதாக நினைக்காதே. வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தோம். அதை விடவே மாட்டேன், மறுபடியும் போவேன். மனு எழுதியது நான், வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியது அவன். ஊருக்கான கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் மாப்ளே. ரெண்டு ரூபாய்க்கும் ஈரத்துணிக்கும் செலவு பண்ணினால் அதற்கு மிச்சம் இருக்காது.

இப்போதும் சில நாள் நாலு மணிக்கு எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. உன் அக்காவுக்கு முட்டி வலி அதிகமான நாளில் கூடுதலாகவே வரும். ஆனால் வந்தது வந்தபடி போய்விடுகிறது, எழுதி வைப்பதில்லை. உன் அக்கா அந்தச் சத்தத்துக்கு எழுந்து தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுகிறாள்.

மேல்வீட்டுக்காரர் யார், என்ன வேலை, அந்தத் துணியைத் துவைப்பது யார் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

தங்கச்சியை ஐப்பசி மழைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வா. உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ வாங்கி வரச் சொல்லி உன் அக்கா பக்கத்தில் நின்று சொல்கிறாள், எதிர்வீட்டுக்கும் ஒரு கிலோ. வாசலில் வண்டி நின்றால் அவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல். தங்கச்சி இறங்கக் கை கொடுப்பான்.

அன்புடன்,
உன் மச்சான்