மட்டையை உடைப்பவராவது பரவாயில்லை

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

இப்போதெல்லாம் டென்னிஸில் ஒழுங்கே இல்லை என்று நான் புலம்பியதற்கு, நடுவர்களிடம் கத்துவதற்குப் பேர்போன மெக்கன்ரோ ஆடிய காலத்தில் மட்டும் இருந்ததா என்று கேட்டிருந்தாய். இல்லைதான். 1990 ஆஸ்திரேலிய ஓப்பனில் மட்டையை உடைத்து, நடுவர்களைத் திட்டியதற்காக அவரை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற்றினார்கள். ஆனால் கத்துவதும் மட்டையை உடைப்பதும் எல்லோர் கண்ணிலும் படுகிறது, தண்டனையும் கிடைக்கிறது. விதிக்குள் நின்றுகொண்டே எதிராளியின் வேகத்தைக் கெடுக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

2013 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? அசரென்கா 5-3 என்று முன்னிலையில் சர்வீஸ் போடுகிறார், அந்த கேமை எடுத்தால் ஆட்டமே அவருடையது. இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்ட் ஐந்து கைநழுவி, அந்த கேமும் போய்விட்டது. அடுத்து எதிராளி ஸ்லோன் ஸ்டீபன்ஸ் சர்வீஸ் போட வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சிகிச்சைக்கென்று உள்ளே போன அசரென்கா திரும்பிவரக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம். பத்தொன்பது வயதுப் பெண் அவ்வளவு நேரமும் காத்துக்கிடந்தாள். வந்த அடுத்த கேமிலேயே அசரென்கா ஆட்டத்தை ஜெயித்து முடித்துவிட்டார். வலி உண்மையாகவே இருந்திருக்கலாம். இன்னொருவர் சர்வீஸுக்கு முன்னால் அப்படிப் போகலாம் என்று விட்டுவைத்த விதியைத்தான் நான் குறை சொல்வேன்.

அப்புறம் 2021 அமெரிக்க ஓப்பன். ஐந்தாவது செட்டுக்கு முன் சிட்சிபாஸ் கழிவறைக்குப் போய் நெடுநேரம் வராததால், அவர்மேல் வைத்திருந்த மரியாதையே போய்விட்டது என்றார் எதிர்த்து ஆடிய மர்ரே. கழிவறைக்குள் மூன்று நிமிடம் என்று பிறகு வரம்பு வைத்தார்கள். அதற்கும் கடிகாரம் தேவைப்பட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

இதே விளையாட்டில்தான் அமெரிக்க வீரர் ரோடிக்கும் ஆடினார். 2005இல் ரோம் நகரில் அவருக்கு மேட்ச் பாயிண்ட். எதிராளி வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வீஸ் 'அவுட்' என்று சொல்லியாகிவிட்டது, அதோடு ஆட்டம் ரோடிக்குக்குத்தான், கை குலுக்க வேண்டியதுதான் பாக்கி. செம்மண்ணில் கோட்டைத் தொட்டிருந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார் ரோடிக். கடைசியில் அந்த ஆட்டத்தில் தோற்றும் போனார். நான் அவர் ரசிகனே இல்லை; அன்றைக்கு ஆகிவிட்டேன்.

இப்போது விம்பிள்டனிலேயே பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் நடுவர்கள் கிடையாது, 2025 முதல் எல்லாம் மின்னணுக் கருவிதான். தவறு குறைந்தது நல்லது. ஆனால் ரோடிக் செய்ததைச் செய்ய அங்கே இனி இடமில்லை.

பேரன் வாரக் கடைசியில் டென்னிஸ் ஆடப் போகிறான். அங்கே அம்பயர் கிடையாது, பையன்களே கோடு பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகமான பந்து எதிராளிக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். போன வாரம் அப்படி ஒரு பாயிண்ட்டை விட்டுக்கொடுத்துத் தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். நீ வரும்போது அவனிடம் ரோம் கதையைச் சொல்லு. நான் சொன்னால் காதில் ஏறாது.

அன்புடன்,
ராமு