உன் பெயருக்கு வந்த தபால்

மூலைக்கரைப்பட்டி,
சித்திரை 5.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உன் பெயருக்கு ஒரு தபால் வந்திருக்கிறது. அனுப்பியவர் இடத்தில் கூகுள் என்று போட்டிருக்கிறது. போஸ்ட்மேன் தம்பி திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "மகளுக்கு அங்க வேலையா மாமா?" என்று கேட்டான். "இல்லப்பா, பறவைகளைப் பத்தி எழுதுறா, அதுக்கு வந்திருக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவன், மகளுடைய எழுத்துக்காக வந்த தபாலைக் கையெடுத்து வாங்கியிருக்கிறேன்.

போனில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் பறவை வலைப்பூவில் கூகுள் போடுகிற விளம்பரத்துக்கான காசு கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் விலாசம் சரிதானா என்று பார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள், நாலு மாதத்துக்குள் அதைப் போட வேண்டும் என்றாய். கவரைப் பிரிக்காமல் இந்தக் கடிதத்தோடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

அன்றைக்கு நீ இன்னொன்றும் கேட்டாய். வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு இந்த எழுத்தையே முழு நேரமாகச் செய்யலாமா என்று. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நாலு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எழுத்துக்குக் கூலி கேட்பதில் தப்பே இல்லை. லென்ஸுக்கு நீ கொடுத்த பணம், காலை நாலரை மணிக்கு எழுந்து போகிற பெட்ரோல், தளத்துக்கு வருஷா வருஷம் கட்டுகிற வாடகை எல்லாம் உன் சம்பளத்தில் இருந்துதான் போகிறது. 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பூ எழுத வந்தவர்களைப் பற்றி நீதான் எனக்குச் சொல்லுவாய். எல்லார் பதிவையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டிய தமிழ்மணம் மாதிரித் திரட்டியில் தங்கள் பதிவு வந்தாலே அவர்களுக்குத் திருப்தி. அப்போது தமிழ்ப் பக்கத்துக்குக் கூகுளின் இந்த ஆட்சென்ஸ் விளம்பரமே கிடையாது, 2018-ல்தான் தமிழைச் சேர்த்தார்கள். கையில் இருந்து போட்டு எழுதியே அவர்களில் நிறையப் பேர் களைத்துப்போய் நிறுத்திவிட்டார்கள் என்றும் நீ சொல்லியிருக்கிறாய். உனக்கு அந்தக் களைப்பு வரக் கூடாது. அதனால்தான் பணம் வரட்டும் என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் கணக்கைப் பார். 10 டாலர் சேர உனக்குப் பதினாலு மாதம் ஆகியிருக்கிறது. 100 டாலர் சேர்ந்தால்தான் பேங்குக்கு அனுப்புவார்கள். இதே வேகத்தில் போனால் 140 மாதம், அதாவது 11 வருஷம் 8 மாதம். உன் எழுத்து மட்டம் என்பதால் இப்படி இல்லை. நீ விளக்கியதை வைத்து நான் புரிந்துகொண்டது, அது பக்கத்தில் இடம் பிடிக்க விளம்பரக் கம்பெனிகள் கேட்கிற ஒரு ஏலம். கடன், இன்சூரன்ஸ் என்று எழுதுகிற பக்கத்துக்கு வருகிறவர் எதையாவது வாங்க வருகிறார், அவர் கண்ணில் பட ஏலம் ஏறுகிறது. நத்தைகுத்தி நாரை எப்படி நத்தையை உடைக்கிறது என்று வாசிக்க வருகிறவர் ஒன்றும் வாங்க வரவில்லை. ஏலம் கேட்க ஆள் இல்லை. இதை நம்பி, வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்போது வேலையை விடாதே, பாப்பா.

இனி, உண்மையில் நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் சென்னைப் பெரும்பாக்கம் ஏரியில் நீளவால் இலைக்கோழியின் கூட்டைப் படம் எடுத்துப் பதிவு போட்டாய். அல்லி இலைமேல் நாலு முட்டை, பக்கத்தில் அடைகாக்கிற ஆண். பொட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பதெல்லாம் தகப்பன்தான் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மற்றப் பதிவுகளை இருநூறு பேர் பார்த்தால் அதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பன்னிரண்டு கேமரா நின்றது என்று சந்தோஷமாகச் சொன்னாய். இப்போது ஒவ்வொரு மாதமும் ஒரு கூடு, இடத்தோடு, படத்தோடு எழுதலாம், பார்வை ஏறினால் விளம்பரக் காசும் ஏறும் என்கிறாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

1999, மே மாதம். நீ நாலாம் வகுப்பு முடித்திருந்தாய். வெளியூரில் இருந்து படம் எடுக்க ஒருவர் வந்தார். நம் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நாரைகளைப் படம் எடுத்து முடித்துவிட்டார். வேறு ஏதாவது கூடு தெரியுமா என்று டீக்கடையில் விசாரித்தபோது, தபால்காரருக்குத் தெரியும் என்று என்னைக் காட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியும்தான். தினமும் சைக்கிளில் போகிற பாதையில், தரிசில், மஞ்சள்மூக்கு ஆட்காட்டி நாலு முட்டை வைத்திருந்தது. அது கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் தரையில் சின்னக் குழி, சுற்றிச் சில பொடிக்கல். முட்டையும் மண் நிறத்திலேயே இருக்கும், தெரியாதவன் மிதித்துவிட்டுப் போய்விடுவான். 200 ரூபாய் தருகிறேன் என்றார். அப்போது எனக்கு அது பெரிய பணம். காட்டினேன்.

பத்தரை மணிக்குக் கூடாரம் மாதிரி ஒரு துணியைக் கட்டி, முட்டைக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தார். நான் தபால் கொடுக்கப் போய்விட்டேன். இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறேன், இன்னும் அங்கேயே இருக்கிறார். ஆட்காட்டி இரண்டும் தூரத்தில் ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்கின்றன, கிட்டே வரவில்லை. நம் ஊர் மே மாத வெயில் உனக்குத் தெரியும். அந்த வெயிலில் ஆட்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடு கொடுப்பதற்காக இல்லை, நிழல் கொடுப்பதற்காக. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையைக் குளிர வைக்கும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் காட்டினேன்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் அது வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. நாளாகியும் பொரிக்கவில்லை. ஒரு நாள் அதையும் காணோம். முட்டையை எடுத்துப் பார்த்தேன், உள்ளே வெந்து கெட்டுப்போயிருந்தது. அந்த 200 ரூபாயில்தான் அந்த வருஷம் உனக்குக் கறுப்பு ஷூவும் ஜியோமெட்ரி பாக்ஸும் வாங்கினேன். ஷூவைப் போட்டுக்கொண்டு திண்ணையில் நீ நடந்து காட்டியது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. அதோடு சேர்ந்து அந்தப் பறவையும் வருகிறது.

கெட்ட எண்ணம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. படம் நன்றாக வர வேண்டும் என்பது அவருக்கு, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்பது எனக்கு. உன் பன்னிரண்டு கேமராக்காரர்களும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். இலைக்கோழித் தகப்பன் எத்தனை தடவை முட்டையை விட்டு எழுந்து போயிருக்கும், அந்த நேரத்தில் காகம் என்ன செய்திருக்கும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1972-ம் வருஷ வன உயிரினச் சட்டத்தில், கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் வேட்டையாடுவதில்தான் சேர்கிறது. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை, நீ அந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது என்று சொல்கிறேன். கூட்டுப் படத்தில் இருந்து வருகிற காசு ஒரு பைசாவும் வேண்டாம். அந்தப் பதிவில் ஏரியின் பெயரையும் படத்தையும் இன்றைக்கே எடுத்துவிடு. தகப்பன் அடைகாப்பதைப் பற்றி எழுதிய பத்திகள் இருக்கட்டும், அவை நல்ல பத்திகள்.

அப்புறம் அந்த பைனாகுலர் விஷயம். நீ கண்ணில் வைத்தே பார்க்காத ஒன்றைப் புகழ்ந்து எழுத 15,000 ரூபாய் தருகிறேன் என்று ஒரு கம்பெனி கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம் என்று எழுதிவிடு. ஆறு வருஷமாக ஒரு 8x42 பைனாகுலர் வைத்திருக்கிறாயே, அதைப் பற்றி எழுது. காலை இருட்டில் எவ்வளவு தெரிகிறது, கழுத்து வலிக்கிறதா, மழையில் என்ன ஆகிறது என்று உனக்குத்தான் தெரியும். அதற்கு அமேசான் இணைப்பு கொடுத்துக் கமிஷன் வாங்கினால் எனக்குச் சம்மதம். ஆனால் இதில் எனக்குக் கமிஷன் உண்டு என்று முதல் வரியிலேயே தமிழில் எழுது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் போட்ட வழிகாட்டுதலில், எந்த மொழியில் சிபாரிசு செய்கிறோமோ அந்த மொழியிலேயே இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதமும் போடலாம். வருகிற காசு சின்னதோ பெரியதோ, வருமான வரிக் கணக்கில் காட்டிவிடு. உன் ஆபீசில் வெளி வருமானத்துக்கு அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் பார்த்துக்கொள்.

காசு வரும் வழி என்று எனக்குப் படுவது வேறு. போன மார்கழியில் நீ வந்திருந்தபோது சித்தப்பா பேரன்களைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே. வரித்தலை வாத்தைக் காட்டி, இது இமயமலையைத் தாண்டி வந்தது என்று நீ சொன்னதும் சின்னவன் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் அப்பா அன்றைக்கு ராத்திரி என்னிடம், சென்னையில் இதற்குக் காசு கொடுத்துப் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்றான். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள். மாதம் 4,800 ஆகிவிட்டது. ரோட்டோரம் நின்று பார்த்தாலே போதும், கூட்டுப் பக்கம் போகவே வேண்டாம். உன் எழுத்தை வாசித்தவர்கள்தான் பிள்ளைகளை உன்னை நம்பி அனுப்புவார்கள். எழுத்து சம்பாதித்துக் கொடுப்பது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஒரு சின்னப் புத்தகம். என்னுடைய பழைய நோட்டுகள் மூன்று பரணில் இருக்கின்றன. எந்தக் குளத்தில் எந்தத் தேதியில் எது வந்தது, எந்த ஊர்க்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சைக்கிள் பயணத்தில் எழுதினது. பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே ஒரே பறவைக்கு வேறு வேறு பெயர். அந்தப் பெயரைச் சொன்ன பெரியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. உன் படங்களோடு அதைத் தொகுத்துப் போட்டால் நம் மாவட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களே வாங்குவார்கள். செல்லரித்த இடங்களை நான் உட்கார்ந்து திரும்ப எழுதித் தருகிறேன், கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

கூந்தன்குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் நன்றாக நிற்கிறது. சங்குவளை நாரைக் குஞ்சுகள் கருவேல மரத்தில் இறக்கையை விரித்து விரித்துப் பார்க்கின்றன. மே மாதம் லீவு எடுத்துக்கொண்டு வா. உன் அம்மா சுக்கு, மிளகு எல்லாம் திரித்து வைத்திருக்கிறாள், அது தனிப் பார்சலாக வரும்.

பழைய பாதையில் ஒரு ஜோடி மஞ்சள்மூக்கு ஆட்காட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரத்தில் இருந்து ஒன்று மட்டும்தான் கண்ணில் படுகிறது. எங்கே உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சைக்கிளை நிறுத்தவில்லை. நீ வந்தால் ரோட்டில் இருந்தே காட்டுகிறேன், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
அப்பா