முதுகில் இரண்டு வைத்துப் பார்த்தவள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நகைச்சுவைப் பக்கத்தில், "முன்பெல்லாம் முதுகில் இரண்டு வைத்தால் அடங்கிய பிடிவாதத்துக்கு இப்போது தெரபி என்று பெயர்" என்று ஒரு வரி. சிரிக்க வேண்டிய இடம் அதுதான் போலும்.

முதுகில் இரண்டு வைத்துப் பார்த்தவள் நான். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. வகுப்பு வாசலுக்கு நேர் மேலே மணி. அது அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். பள்ளி டைரியில் ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று எழுதி வரும். வீட்டில் நான் அடிப்பேன். மணிச் சத்தம் அதனால் ஒன்றும் குறையவில்லை.

பிறகு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்ய வழிசெய்து தரும் சிகிச்சையாளர், பள்ளிக்கே வந்து, கடைசி பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தார். (உங்கள் இதழ் ஒருமுறை ஆக்குபேஷனல் தெரபியைத் ‘தொழிற்பயிற்சி’ என்று எழுதியது. ஆறு வயதுப் பையனுக்கு என்ன தொழில் என்று சொந்தக்காரர்கள் கேட்டுத் தீர்த்துவிட்டார்கள்.) அவனை வாசலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார். தரை எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு ஒரு பலகை. மணியடிக்கும் முன் ஆசிரியை அவன் தோளை அழுத்திப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். லேசாகத் தொட்டால் சுட்டதுபோல் துள்ளுவான், அழுத்திப் பிடித்தால் நிதானமாவான். எழுத்து வேலைக்கு முன் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் வைத்து வருவதும் அவன் பொறுப்பானது. சுமப்பதும் தள்ளுவதும் தசைக்கும் மூட்டுக்கும் தரும் அழுத்தம் சில பிள்ளைகளை அமைதிப்படுத்தும் என்றார். வாரத்தில் முக்கால் மணி நேரம் சிகிச்சை அறையில் ஊஞ்சலாட்டிவிட்டு, மீதி நேரமெல்லாம் அந்த மணிக்கடியில் உட்கார வைத்து என்ன பயன்?

ஐம்புலன்களோடு உடலின் சமநிலை உணர்வையும் தசை, மூட்டுகளின் உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1970-களிலேயே எழுதியது தாங்கள் அறியாததல்ல. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, ஒலி, தொடுகை போன்ற புலனுணர்வு மிகுவதையும் குறைவதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்ததும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அந்த வரி அச்சேறியதே என்பதுதான் வருத்தம்.

தெரபி என்று பெயர் வைத்ததெல்லாம் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. எடை வைத்த ஜாக்கெட்டைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் விற்க வந்தவர் உண்டு. ஊஞ்சல், அழுத்தம் போன்றவற்றால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கு ஆய்வுச் சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2012-இலேயே கூறிவிட்டது. கேலி செய்ய ஆசையென்றால் அந்தப் பக்கம் போயிருக்கலாம். அல்லது ‘சென்சரி ரூம்’ (புலனுணர்வு அறை) என்று வண்ண விளக்கும் மெத்தையுமாக ஓர் அறை கட்டி, விருந்தினர் வரும் நாளில் மட்டும் பூட்டைத் திறக்கும் பள்ளிகளின் பக்கம். அப்படியோர் அறையின் படத்தைத்தான் போன வருடம் முழுப்பக்கத்துக்குப் போட்டீர்கள். நான் எழுதிய மறுப்புக் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது. அதில் ஒரு வரி படம் அழகு என்பது.

‘தொழிற்பயிற்சி’க்கு ஒரு திருத்தம் போடுங்கள், போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதென்றால், காலுக்குப் பலகை போட்ட வரியை மட்டும் விட்டுவையுங்கள். ஏதாவது ஓர் ஆசிரியை படிப்பார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி