நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு ஆட்டோகிளேவ் வழங்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
துறைத் தலைவர் (பொறுப்பு) மற்றும் ஆசிரியர்கள்,
நுண்ணுயிரியல் துறை,
அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி.

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி.

(கல்லூரி முதல்வர் வழியாக)

பொருள்: பி.எஸ்சி. நுண்ணுயிரியல் செய்முறை வகுப்புகள் – பழுதடைந்த ஆட்டோகிளேவுக்கு மாற்றாகப் புதிய கருவி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அனுப்பி, பதில் வரப்பெறாத மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். எங்கள் கல்லூரியும் அதன் சுற்றுப்புறமும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆய்வுக்காகத் தாங்கள் வந்திருந்தபோது எங்கள் ஆய்வகத்துக்கும் வருகை தந்து, சன்னலோரத்தில் பழைய ஃபிளெக்ஸ் போர்த்தி நின்ற கருவி என்னவென்று கேட்டீர்கள். அதுதான் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்றும், வெப்பச்சுருள் கருகிவிட்டதால் ஓடவில்லை என்றும் தெரிவித்தோம். எழுதிக் கொடுங்கள், ஆவன செய்யலாம் என்று கனிவுடன் கூறினீர்கள். அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லாததால் நினைவூட்டலும் அனுப்பினோம். இன்றுவரை ஒப்புகை அட்டைகளைத் தவிர வேறெதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. ஆகவே கீழ்க்காணும் விவரங்களை மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. மலையடிவாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைத் தாங்கள் அறிவீர்கள். அந்த உப்பு படிந்து படிந்தே வெப்பச்சுருள் கருகியது. மூடியின் ரப்பர் வளையமும் வெடித்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர், அடிப்பாகம் அரித்துப்போன கலனில் இனி அழுத்தம் ஏற்றுவது ஆபத்து என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தின் நகல் முந்தைய மனுவிலும் இணைக்கப்பட்டது, இதிலும் இணைக்கப்பட்டுள்ளது.

2. ஆட்டோகிளேவ் இல்லாமல் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு ஏன் நடவாது என்பதைக் கோப்பைப் பார்க்கும் பிரிவினரின் பொருட்டுச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பாக்டீரியாவை வளர்க்கும் அகார் ஊடகத்தில் வேறு உயிர் எதுவும் இருக்கக்கூடாது. சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் பாசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் சாவதில்லை. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், 15 நிமிடம் வைத்தால்தான் சாகும். இப்போது நாங்கள் அதற்குச் சமையல் குக்கரைப் பயன்படுத்துகிறோம். அதில் 250 மி.லி. குடுவைகள் இரண்டுதான் நிற்கும். பொங்கி வழியாதிருக்க ஒவ்வொன்றிலும் 150 மி.லி. ஊடகம் மட்டுமே ஊற்றலாம். ஒரு பெட்ரி தட்டுக்கு 20 மி.லி. என்றால் ஒரு முறைக்கு 15 தட்டுகள். வகுப்பில் 40 மாணவர்கள், ஆளுக்கு 4 தட்டுகள் என்றால் 160 தட்டுகள் வேண்டும். அதாவது குக்கரை 11 முறை ஏற்றி இறக்க வேண்டும். ஆவி பிடித்து, நேரம் காத்து, ஆறித் திறக்க ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. செய்முறை வகுப்போ 3 மணி நேரம். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் நேராவதில்லை.

3. அந்தக் குக்கரும் முழுமையாக உதவுவதில்லை என்பதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது. உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறாவிட்டால், விசில் அடித்தாலும் உள்ளே 121 டிகிரி எட்டியிருக்காது. எட்டியதா என்று பார்க்க அதில் அழுத்தமானியும் இல்லை, வெப்பமானியும் இல்லை. பஞ்சு அடைப்பு நனைந்து, அதன் வழியே பூஞ்சை இறங்குகிறது. மண் மாதிரியைப் படிப்படியாக நீர்த்துப் பாக்டீரியாக்களை எண்ணும் பயிற்சியில், 30 முதல் 300 வரை பாக்டீரியாக் கூட்டங்கள் (காலனிகள்) வளர்ந்த தட்டையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று கற்பிக்கிறோம். மறுநாள் காலை வளர்காப்புப் பெட்டியை (இன்குபேட்டர்) திறந்தால், எதையும் இடாமல் ஒப்பீட்டுக்காக வைத்த வெறுந்தட்டிலேயே கூட்டங்கள் வளர்ந்து நிற்கின்றன. இரண்டு மூன்று நாளில் ஓரத்தில் கரும்பொடி தூவியதுபோல் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்னும் பூஞ்சை வேறு. தான் எடுத்து வந்த மண்ணிலிருந்து வந்தது எது, குக்கரில் சாகாமல் தப்பியது எது என்று ஒரு மாணவி கேட்டால் எங்களிடம் விடை இல்லை. பாடநூலில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளட்டுமா என்று அடுத்துக் கேட்கிறாள். கூடாது, கண்டதை எழுது என்கிறோம். அதனால் எங்கள் மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் “ஒப்பீட்டுத் தட்டில் வளர்ச்சி காணப்பட்டது, முடிவு ஏற்கத்தக்கதன்று” என்றே எழுதப்பட்டுள்ளது. புறத்தேர்வாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறார். உண்மையை எழுதியதற்குக் கிடைத்த மதிப்பெண் அது, அம்மையீர். இதே பதிவேட்டின் முன்பக்கங்களில் ஆட்டோகிளேவின் படத்தை அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு உட்பட ஒரு குறையுமின்றி வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறார்கள். அதை இயக்கிப் பார்த்தவர் மட்டும் இன்றைய மூன்று ஆண்டு மாணவர்களில் ஒருவரும் இல்லை. பால் பண்ணைத் தர ஆய்வகத்துக்கும் மருந்து நிறுவனத்துக்கும் நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளிடம் முதலில் கேட்கப்படுவதே இக்கருவியைப் பற்றித்தான்.

4. டிண்டால் முறைப்படி ஊடகத்தை அடுத்தடுத்து மூன்று நாள் நீராவியில் வேகவைத்தும் பார்த்தோம். நடுவில் ஓர் அரசு விடுமுறை வந்தால் அந்த வார வகுப்பே போய்விடுகிறது. அருகிலுள்ள தனியார் கல்லூரியில் இரந்து கேட்டு, ஊடகம் தயாரித்த குடுவைகளை மடியில் வைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் வந்த ஆசிரியைகளும் எங்கள் துறையில் உண்டு. அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் இப்படித்தான் பாடம் நடத்த வேண்டும் என்று அரசு கருதுமானால், அதையாவது எழுத்தில் தெரிவித்துவிடலாம்.

5. பயன்படுத்தி முடித்த தட்டுகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. மூன்றாம் ஆண்டு மருத்துவ நுண்ணுயிரியல் வகுப்பில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற நோய்க்கிருமிகளையும் கையாள்கிறோம். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆய்வகக் கழிவை வளாகத்திலேயே கிருமி நீக்கிய பின்னரே வெளியே அனுப்ப வேண்டும். ஊடகம் தயாரிக்கும் குக்கரில் கழிவையும் போட முடியாது. ஆகவே அவை மூடிய வாளிகளில் கிருமிநாசினியில் ஊறுகின்றன. ஆய்வக உதவியாளர் பணியிடமும் காலியாக இருப்பதால் (அதற்கான மனு தனியே தங்கள் அலுவலகத்தில் உள்ளது) அவற்றைக் கழுவுபவர்கள் எங்கள் மாணவர்களே. ஒரு மாணவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று அவருடைய பெற்றோரிடம் நாங்கள் சொல்ல முடியுமா?

6. தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, கருவியின் வரிசை எண் இல்லாததால் கோப்பு நகரவில்லை என்றார்கள். எண் பொறித்த தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. இருப்புப் பதிவேட்டின் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினோம். பிறகு கேட்டபோது கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விட்டது என்றார்கள்.

7. நாங்கள் கேட்பது புதுமையான கருவி எதுவும் அன்று. நுண்ணுயிரியல் அறிஞர் லூயி பாஸ்டருடன் பணிபுரிந்த சார்லஸ் சேம்பர்லேண்டு 1879-இலேயே உருவாக்கிவிட்ட கருவி.

அம்மையீர், கடுமையான சொல் எங்கேனும் விழுந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். எங்கள் துறைக்குக் குளிர்சாதனம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம், நுண்ணோக்கிகளைக்கூட இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம். 50 லிட்டர் கொள்ளளவுள்ள செங்குத்து வகை ஆட்டோகிளேவ் ஒன்றும், அதன் மின்சுமையைத் தாங்கும் தனி இணைப்பும், உப்பு நீரால் அதுவும் கருகிவிடாதிருக்க நீரைக் காய்ச்சி வடிக்கும் கலன் ஒன்றும் வழங்க ஆணையிட வேண்டுகிறோம். இப்போது காய்ச்சி வடித்த நீரைப் பேட்டரிக் கடையில் எங்கள் சொந்தப் பணத்தில் கேன் கேனாக வாங்கி வருகிறோம். மூன்றையும் ஒன்றாக வழங்க நிதி இடம் தராவிட்டால், ஆட்டோகிளேவை மட்டுமாவது முதலில் வழங்குமாறு மீண்டும் வேண்டுகிறோம். அதற்கும் காலம் ஆகுமென்றால், பழைய கருவியைக் கழிவு செய்து, பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து நாங்களே வாங்கிக்கொள்ள அனுமதி ஆணையாவது பிறப்பிக்க வேண்டுகிறோம். மறுப்பதாக இருந்தாலும் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

ஏப்ரலில் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு வருகிறது. அதற்கு முன் ஆட்டோகிளேவ் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர ஆவன செய்யுமாறு தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துறைத் தலைவர் (பொறுப்பு) மற்றும் ஆசிரியர்கள்,
நுண்ணுயிரியல் துறை.

இணைப்பு: பழுது பார்ப்பவரின் கடித நகல், இருப்புப் பதிவேட்டு நகல் (மீண்டும்), முந்தைய மனுக்களின் ஒப்புகை அட்டைகள்.